ஐந்தரைக்குள் ஏறாத எடை

கணினித் திரையில் பச்சைக் கோடு பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. மாரித்தாய் அதை முறைத்துப் பார்த்தாள். முறைத்தால் நகரும் என்ற நம்பிக்கை போய் வெகு நாளாகிவிட்டது. வேறு என்ன செய்வதென்று தெரியாததால் முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்த்தி, ஓடுதா இல்லையாட்டி?"

"ஓடுது பெரியம்மா. எறும்பு மாதிரி ஓடுது," என்றாள் ஆபீசில் கணினி பார்க்கும் ஆர்த்தி.

"எறும்பா இருந்தா இந்நேரம் மூணாறு போய்ச் சேந்திருக்கும்."

ஆனைக்கல் எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷன் ஆபீசில் அப்போது மணி ஐந்தேகால். வெளியே நூல்மழை. வராந்தாவில் கொழுந்து கிள்ளிவிட்டு வந்த பெண்கள் மழைக்குப் போர்த்திய ரட்டுச் சாக்கை உதறிக்கொண்டு நின்றார்கள். தங்கள் பெயருக்கு எதிரே எடை ஏறிவிட்டதா என்று பார்க்காமல் யாரும் லயத்து வீட்டுக்குப் போக மாட்டார்கள். அப்படிப் பார்க்காமல் போய் ஏமாந்த காலம் ஒன்று இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எடையை ஏற்றும் அந்தக் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் கண்டக்டர் டிக்கெட் அடிக்கும் மிஷின் போல, அதைவிடக் கொஞ்சம் பெரிது. எல்லாரும் அதை மிஷின் என்றே சொன்னார்கள். கிள்ளுகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு கார்டு உண்டு. கார்டில் உள்ள கோடுகளை மிஷினின் கண்ணுக்குக் காட்ட வேண்டும். தராசில் சாக்கைத் தொங்கவிட்டு எடையை விரலால் அடிக்க வேண்டும். பின்னால் தகராறு வராதபடி, தராசு காட்டுகிற எண்ணை அதே மிஷினால் ஒரு படமும் எடுக்க வேண்டும். சாயங்காலம் ஆபீசுக்கு வந்ததும் படத்தோடு எல்லாம் கம்பியில்லாமல் கணினிக்குப் போகும். கார்டு எண் வரிசைப்படி ஒவ்வொருத்தியாக ஏறும். ஐந்தரை ஆனதும் கணினி அன்றைய நாளைத் தானாக மூடிவிடும். அதற்குள் யார் எடை ஏறவில்லையோ, அவள் அன்று வேலைக்கே வரவில்லை என்று பதிவாகும். கொச்சியிலிருக்கும் தலைமை ஆபீஸ் செய்து வைத்த ஏற்பாடு அது. இங்கே யாராலும் அதைத் திறக்க முடியாது.

மிஷினிலிருந்து கணினிக்கு ஒரு கம்பியும் கொடுத்திருந்தார்கள். மழை தொடங்கியதுமே ஈரத்தில் அதன் முனை பச்சை பிடித்துவிட்டது. செருகினால் சார்ஜ் ஏறும், கணக்கு ஏறாது.

அன்று புதன்கிழமை. ஐந்தரைக்குக் கோடு இன்னும் முடிவைத் தொடவில்லை. திரை ஒருமுறை மங்கி, நாள் மூடப்பட்டது என்று காட்டியது. ஒரே ஒரு கார்டு நின்றுபோயிருந்தது. கார்டு எண்ணில் கடைசியாக இருந்தவள் சின்னத்தாய்.

சின்னத்தாய் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் பெயருக்கு எதிரே வெறும் கட்டம் இருந்தது.

"என்ன மதினி இது? காலையில இருந்து மேட்டுக் காட்டுல அட்டை கடி வாங்கினது நானா, என் ஆவியா?"

"ஏறலட்டி. நான் என்ன செய்ய?"

"இருக்கது நாப்பது பேரு. என்னயத்தான் முழுங்கணுமா இந்த மிஷினு? கடேசி நம்பருன்னா கேக்க ஆளில்லையா?"

வராந்தாத் தூணில் சாய்ந்திருந்த பாண்டி தொண்டையைச் செருமினார். "மிஷினுக்கே ஒங்கணக்க முழுங்க முடியல போல, மாரித்தாயி. தொண்டையில நிக்குது."

"உங்க கணக்கு வழுக்கிக்கிட்டு உள்ள போச்சு அண்ணாச்சி. எங்க போச்சுன்னுதான் யாருக்கும் தெரியாது."

பெண்கள் சிரித்தார்கள். சின்னத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள்.

பாண்டி யார் என்று இப்போது சொல்லிவிடலாம். மாரித்தாய்க்கு முன்னால் மூன்றாம் டிவிஷனில் எடை எடுத்தவர் அவர்தான். மழைக்காலத்தில் கொழுந்தோடு தண்ணீரும் சாக்கில் ஏறும். அதற்காக எடையில் கொஞ்சம் கழிப்பது எஸ்டேட் வழக்கம். எவ்வளவு கழிக்கலாம் என்று விதியும் இருந்தது. பாண்டி விதியைப் பார்த்துக் கழித்ததில்லை, முகத்தைப் பார்த்துக் கழித்தார். எதிர்த்துப் பேசியவளின் சாக்கில் தண்ணீர் அதிகமாக இருந்தது, பணிந்து போனவளின் சாக்கு காய்ந்திருந்தது. ஒருநாள் பெண்கள் நிறைந்த சாக்குகளைத் தராசடியில் போட்டுவிட்டு, எங்களில் ஒருத்தி எடை எடுக்காவிட்டால் இதைத் தூக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். லாரி வந்து வெறுமனே நின்றது. கொழுந்து சூடேறிச் சிவக்கத் தொடங்கியதும், புதிதாக வந்திருந்த மானேஜர், சரி, பார்க்கலாம் என்றார். மிஷின் வந்ததும் அந்த வருஷம்தான்.

யார் என்ற கேள்விக்குப் பெண்கள் அதிகம் யோசிக்கவில்லை. மாரித்தாய் இதே டிவிஷனில் அடி லயத்தில் பிறந்தவள். அவள் அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். பதினெட்டு வயதில் அவளும் கொழுந்து கிள்ள மலை ஏறினாள். கணவர் கம்பம்மெட்டில் ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்குகிறார், சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விடுவார். அவளுடைய குணத்தில் ஊருக்கே தெரிந்தது ஒன்று. ஏறக்குறைய என்ற சொல் அவளுக்குப் பிடிக்காது. ஒருமுறை பாண்டி கை தவறி அவளுக்கு எடையைக் கூட்டி எழுதிவிட்டார். பாதி வழி இறங்கியவள் திரும்பி மேடேறி வந்து, அதைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டாள். அப்படிப்பட்டவள் தராசைப் பிடித்தால் போதும் என்று பெண்கள் நினைத்தார்கள்.

வெயில் காலம் முழுவதும் ஒரு குறையும் இல்லை. ஆர்த்தி கட்டன்சாயாவை ஊதிக் குடித்து முடிப்பதற்குள் எல்லாம் ஏறிவிடும். மழை இறங்கியபின்தான் இந்தப் பீடை பிடித்தது. மழைக்காலத்தில் கொழுந்து அதிகம், எடையும் படமும் அதிகம், அதனால்தான் தாமதம் என்று முதலில் நினைத்தார்கள். இரட்டிப்பு வேலைக்கு இரட்டிப்பு நேரம் ஆனால் நியாயம். இது பத்து மடங்காக இழுத்தது.

மிஷின் விற்ற கம்பெனிக்கு அடிமாலியில் சிஜு என்று ஒரு ஆள் இருந்தான். மாரித்தாய் அவனைத் தினமும் போனில் பிடித்தாள்.

"சேச்சி, ஒண்ணு ஆஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாரு."

"அத நீ சொல்லுததுக்கு முன்னாலயே மூணு தடவ பண்ணியாச்சு."

"பழைய போட்டோ எல்லாம் டெலிட் ஆக்கு."

ஆர்த்தி அழித்தாள். பயனில்லை.

"மத்தியானம் ஒரு தடவ அனுப்பிட்டா சாயங்காலம் லோடு கொறையும் சேச்சி."

"மத்தியானம் நான் மலை மேல நிக்கேன். ஆபீசுக்கு எறங்கி வந்து போனா அங்க எடைய யாரு எடுப்பா, ஒங்கப்பனா?"

"சேச்சி, மிஷின்ல ஈரம் கேறியோ?"

இந்தக் கேள்விதான் மாரித்தாயை அதிகமாகக் கோபப்படுத்தியது. "ஈரமா? ஒண்ணாம் டிவிஷன்லயும் ரெண்டாம் டிவிஷன்லயும் போயிப் பாரு, பாலித்தீன் கவர்ல போட்டு ரப்பர் பேண்டு மாட்டியிருப்பான். உள்ள வேர்த்துக் கெடக்கும். நான் ஈயத்தாள்ல பை தைச்சு, கொழந்தைய வச்சிருக்க மாதிரி வச்சிருக்கேன். ஒரு சொட்டு உள்ள போவாது."

அது உண்மைதான். அந்த மலையில் மழைக்காலத்தில் ஈரம் புகாத பொருள் கிடையாது. பாக்டரியில் தேயிலைத் தூள் நிரப்பும் சாக்கின் உட்புறம் பளபளவென்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். எஸ்டேட்காரர்கள் அதை ஈயத்தாள் என்பார்கள். கிழிந்த சாக்கு கிடைத்தால் யாரும் விடுவதில்லை. தீப்பெட்டி, உப்பு, ரேஷன் கார்டு எல்லாம் அதில்தான் சுற்றி வைப்பார்கள். முதல் மழைக்கு முன்பே மாரித்தாய் இரண்டு மடிப்பு ஈயத்தாளில் மிஷினுக்கு ஒரு பை தைத்தாள். முன்பக்கம் திரைக்கு ஒரு சதுரம், கண்ணுக்கு ஒரு துளை, அடியில் சார்ஜ் போட ஒரு திறப்பு. ஓரம் பிசிறில்லாமல் கெட்டித் தையல். அதைப் பார்த்துப் பாதிப் பெண்கள் தங்கள் போனுக்கும் தைத்துக் கேட்டார்கள். மானேஜரே ஒருமுறை கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, கொள்ளாம், நல்லா இருக்கு என்றார்.

சிஜு சொன்ன வழியெல்லாம் தீர்ந்ததும் மாரித்தாய் தன் புத்திக்குப் பட்டதைச் செய்தாள். வராந்தாவில் நிற்பவர்கள் ஆபீஸ் வைஃபையில் படம் பார்ப்பதால்தான் இழுக்கிறது என்று முடிவு கட்டினாள். ஆபீஸ் கதவில் ஆர்த்தியை விட்டு ஒரு தாள் ஒட்டச் சொன்னாள்: மிஷின் ஏறி முடியும்வரை யாரும் போனைத் தொடக் கூடாது.

"பள்ளிக்கூடத்துக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்ல," என்றாள் ஒருத்தி. "நாளைக்கு மூச்சு விடவும் தாளு ஒட்டுவா," என்றாள் இன்னொருத்தி. போன்களை அணைத்தார்கள். கோடு எறும்பாகவே ஊர்ந்தது. எடை எடுக்க வந்தபின் மாரித்தாய்க்குச் சிநேகிதம் குறைந்துகொண்டே வந்தது, கணக்கு மட்டும் சரியாக இருந்தது. இப்போது சின்னத்தாயின் புதன்கிழமையோடு அதுவும் போயிற்று.

வியாழன் காலையில் மானேஜர் கூப்பிட்டார். அவர் கோட்டயத்துக்காரர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

"மாரித்தாயே, ஆப்சென்ட் போட்டது தலைமை ஆபீசில் தெரிஞ்சு. எனிக்குத்தான் கேள்வி. சனிக்கிழமை வரை பார்க்கலாம். சனிக்கிழமை நானே வந்து நிற்கும். அன்னைக்கும் முழுசா ஏறலைன்னா, திங்கள் முதல் பாண்டி பழைய மாதிரி எழுதி எடுக்கட்டும். மிஷின் வேண்டாம்."

"மிஷின் வேண்டாம்னா நான் எழுதி எடுக்கேன் சார். எனக்கு எழுதத் தெரியாதா?"

"உன்னை வச்சது மிஷினோட சேர்த்து. ரெண்டும் ஒரே ட்ரையல்."

அவள் வெளியே வந்தாள். தான் மறுபடி கிள்ளப் போவது பற்றி அவள் பெரிதாக நினைக்கவில்லை, கை மறந்துவிடவில்லை. ஆனால் தராசு பாண்டி கைக்குத் திரும்பினால் முதலில் யார் சாக்கில் தண்ணீர் அதிகமாகும் என்று டிவிஷனில் எல்லாருக்கும் தெரியும். எங்களில் ஒருத்தி வேண்டும் என்று தராசடியில் முன்வரிசையில் உட்கார்ந்தவள் சின்னத்தாய்.

அன்று மத்தியானமே சிஜு மழைக்கோட்டோடு பைக்கில் வந்து இறங்கினான். மாரித்தாய் மத்தியான எடையைச் சற்று முந்தி முடித்துவிட்டு ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்தாள். அவன் மிஷினை அதன் பையிலிருந்து உருவி, முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டான். அப்படியே மேஜையில் வைத்து அனுப்பிப் பார்த்தான். பச்சைக் கோடு விர்ரென்று ஓடி முடிந்தது.

"சேச்சி, இதுக்கு ஒரு கொழப்பமும் இல்லல்லோ."

மாரித்தாய் வாயைப் பிளந்தாள். "அப்ப ஒரு மாசமா நான் பொய்யா சொல்லுதேன்? ஆர்த்தி, நீ சொல்லு."

"நெசந்தான் அண்ணா. தெனம் உசுர வாங்குது."

"மிஷின் எல்லாம் மெக்கானிக்கைக் கண்டா நேராயிடும்," என்று சிஜு சிரித்தான். எதற்கும் இருக்கட்டும் என்று, இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்த வைஃபை பெட்டியைப் பீரோ மேலே ஏற்றி வைத்தான். "இனி பறக்கும்" என்று சொல்லி, சாயா குடித்துவிட்டுப் போனான். மாரித்தாய் மிஷினைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு மலை ஏறினாள்.

சாயங்காலம் கோடு மறுபடி எறும்பாகியது. சின்னத்தாயின் பெயர் ஏறியபோது ஐந்தரைக்கு ஒரு நிமிஷமோ என்னவோதான் இருந்தது. மாரித்தாய் சிஜுவுக்குப் போன் போட்டாள்.

"அப்படின்னா உள்ள போர்டு கம்ப்ளெய்ண்டு ஆயிருக்கும் சேச்சி. கொச்சிக்கு அனுப்பணும். ரெண்டு ஆழ்ச்ச ஆகும்."

"ரெண்டு வாரமா? சனிக்கிழமைக்கு மேல எனக்கு நாளே இல்லடா!"

போனை வைத்துவிட்டு அவள் மிஷினைக் கையில் தூக்கினாள். எறிந்துவிடுவாள் என்று ஆர்த்தி பயந்து எழுந்தாள். எறியவில்லை. மேஜைமேல் மெதுவாக வைத்தாள். மெதுவாக வைக்க வேண்டியிருந்ததே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மழை வலுத்தது. சாயங்காலம் வழக்கம்போல மிஷின் மேஜையில், பெண்கள் வராந்தாவில், கோடு பாதி வழியில். ஆர்த்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"சின்னத்தாயி சித்தி, உங்க மக சித்தூர் காலேஜில இருந்து ஆபீசு நம்பருக்குக் கூப்பிட்டா. காலையில இருந்து உங்க போனு கெடைக்கவே இல்லையாம்."

"நான் அணைக்கலயே," என்று சின்னத்தாய் மடியிலிருந்து ஈயத்தாள் பையை எடுத்து, அதிலிருந்து போனை உருவினாள். வெளியே வந்ததும் போன் கிணுகிணுவென்று அடிக்கத் தொடங்கியது. செய்தி மேல் செய்தி வந்து விழுந்தது.

"பாத்தியா, இதான். மாரித்தாயி பை தைச்சுக் குடுத்த நாள்ல இருந்து இப்படித்தான். உள்ள போட்டா ஊமை, வெளிய எடுத்தா ஒரே கூப்பாடு. நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன். மலையில நிக்கையில அவ தொணதொணப்பு இல்ல பாரு."

"எனக்கும் அப்படித்தாங்க்கா," என்றாள் ஒருத்தி. "எங்க மாமியா போனே வாரதில்ல. நான் சாமிக்கு நேந்துக்கிட்டது பலிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

வராந்தாவே சிரித்தது. மாரித்தாய் சிரிக்கவில்லை. அவள் மேஜையைப் பார்த்தாள். அங்கே மிஷின், அவள் தைத்த பைக்குள், திரைக்குரிய சதுரம் வழியாக மட்டும் வெளியே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. சாயங்காலம் அனுப்பும்போது தன் ஈரக்கை படக் கூடாதென்று அவள் ஒருநாளும் பையைக் கழற்றியதில்லை. சிஜு கழற்றினான், ஓடிற்று. ஒண்ணாம் டிவிஷனில் பாலித்தீன் கவருக்குள் மிஷின் வேர்த்தது, ஆனால் அங்கே ஒருவரும் குறை சொல்லவில்லை.

அவள் மிஷினை உருவி வெறும் மேஜையில் வைத்தாள். கோடு ஒரு நொடி யோசித்தது. பிறகு மிச்ச தூரத்தை ஒரே மூச்சில் ஓடி முடித்தது.

ஆர்த்தி கை தட்டினாள். மாரித்தாய்க்குச் சந்தோஷம் வரவில்லை.

"திரும்ப அனுப்பு."

"அதான் ஏறிட்டுதே பெரியம்மா."

"அனுப்புன்னா அனுப்பு."

பையில் போட்டு அனுப்பினார்கள், ஊர்ந்தது. வெளியே எடுத்தார்கள், ஓடியது. மறுபடி போட்டார்கள், ஊர்ந்தது. இனி சந்தேகத்துக்கு இடமில்லை என்று ஆனபிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு மாதமாக யார் யாரைத் திட்டினோம் என்று ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். சிஜு. ஆர்த்தி. போன் வைத்திருந்த அத்தனை பேரும். கடைசியில் எதிராளி தன் கெட்டித் தையல்.

சின்னத்தாய் உள்ளே வந்து நின்றாள். "அப்ப என் புதன்கிழமைய முழுங்குனது உன் பையா மதினி?"

"ஆமாட்டி."

"தைச்சுக் குடுத்ததுக்கு ஒரு மடி அவரைக்கா வேற வாங்குனியே!"

"தந்துருதேன். சும்மா இரு."

மறுநாள் சனிக்கிழமை. மானேஜர் வருமுன் ஆர்த்தி காதோடு சொன்னாள்: "போர்டு கோளாறு, சிஜு வந்து சரி பண்ணிட்டாம்னு சொல்லிருங்க பெரியம்மா. பையப் பத்தி வாயே தெறக்காதீங்க. பாண்டி மாமா சிரிப்பாரு."

மாரித்தாய்க்கும் அந்த எண்ணம் வராமலில்லை. ஆனால் பையை மறைத்தால் மிஷினை மழையில் எதைக்கொண்டு காப்பது? பாலித்தீனில் வேர்த்துச் செத்தால் அடுத்த வாரம் இதே இடத்தில் இதே பேச்சுக்கு வந்து நிற்க வேண்டும்.

மானேஜர் வந்தார். பாண்டி பின்னால் வந்து நின்றார். ஆர்த்தி அனுப்பினாள். நாற்பது பெயரும் அவர்கள் கண்ணெதிரே ஏறி முடிந்தன.

"கொள்ளாம்," என்றார் மானேஜர். "என்னவாயிருந்தது கோளாறு?"

மாரித்தாய் பையை மேஜையில் போட்டாள். "இது. ஈயத்தாள் வைஃபைய மறைச்சிருக்கு. நான்தான் தைச்சேன்."

பாண்டி சிரித்தேவிட்டார். "ஒரு மாசமா ஊரையே நிறுத்தி வச்சிட்டு, கடேசில தையக்காரி வேலையா?"

"சிரிச்சு முடிங்க அண்ணாச்சி, பெறகு பேசுதேன்." அவள் மானேஜர் பக்கம் திரும்பினாள். "பை போட்டா கணக்கு ஏறாது. போடாட்டா மழையில மிஷின் செத்துரும். நடுவுல நான் என்ன செய்ய? நீங்களே சொல்லுங்க சார்."

"குடை பிடிச்சுக்கோ."

"ஒரு கையில சாக்கு, ஒரு கையில மிஷினு. குடையப் பல்லுல கடிக்கவா?"

மானேஜர் ஆர்த்தியிடம் மிஷினின் விலையைக் கேட்டார். ஆர்த்தி சொன்னாள். அவர் ஸ்டோருக்குச் சீட்டு எழுதினார்: எடை எடுக்கும் இடத்துக்கு ஒரு தார்ப்பாய். எழுதிக்கொண்டே, "எடை நீயே எடு. மிஷின் நனையக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

எடை எடுக்கும் இடத்துக்கு ஒரு கூரை வேண்டும் என்று மூன்றாம் டிவிஷன் பெண்கள் எத்தனையோ மானேஜர்களிடம் கேட்டிருக்கிறார்கள். பார்க்கலாம் என்ற பதிலைத் தவிர வேறு எதுவும் வந்ததில்லை.

"நாங்களும் நனைஞ்சுக்கிட்டுதான் சார் இருந்தோம் இத்தன வருசமா," என்றாள் மாரித்தாய்.

மானேஜர் சீட்டில் தேதி போடுவதில் மும்முரமாக இருந்தார். அவள் விடவில்லை. சின்னத்தாயின் புதன்கிழமைக்காகத் தலைமை ஆபீசுக்கு எழுதச் சொல்லி, அவர் எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். அது திருத்தப்பட்டு வர ஓணம் கழிந்துவிட்டது.

திங்கட்கிழமை தார்ப்பாய் வந்தது. அதைக் கட்டப் பாண்டியையும் இரண்டு ஆட்களையும் அனுப்பியிருந்தார்கள். மாரித்தாய் மேடேறிப் போனபோது அவர்கள் கட்டி முடித்திருந்தார்கள். தராசுக்கு மேலே சரியாக, தராசும் எடை எடுப்பவளும் நிற்கிற அளவுக்கு, நாலாக மடித்துக் கட்டியிருந்தது. பெண்கள் வரிசை முழுவதும் மழையில் நின்றது.

"மடிப்பப் பிரிங்க அண்ணாச்சி."

"மிஷினு நனையக் கூடாதுன்னுதான சொல்லியிருக்காரு. மிஷினுக்கு இது போதும்."

"பிரிங்க. காத்து அடிச்சா சாரல் மிஷின்ல விழும். விழுந்தா, பாண்டி கட்டுனதுன்னு நான் ஆபீசில சொல்லுவேன். வெல என்னன்னு ஆர்த்திகிட்ட கேட்டுக்கிடுங்க."

பாண்டி அவளைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். முனகிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். தார்ப்பாய் விரிந்து, பின்னால் இருந்த சில்வர் ஓக் மரம்வரை நீண்டது. சின்னத்தாய் முதல் ஆளாக உள்ளே புகுந்து தலையைத் துவட்டினாள். மேலே ஒரு ஓட்டையிலிருந்து சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது.

"ஓட்டப் படுதாவத்தான் குடுத்திருக்கானுவ."

"ரெண்டு அடி தள்ளி நில்லுட்டி," என்றாள் மாரித்தாய். தார்ப்பாய்க்குக் கீழே, பையில்லாத மிஷினை மார்போடு அணைத்துக்கொண்டு, தராசு அசைவது நிற்பதற்காகக் காத்திருந்தாள். "சாக்க விடு. கையி படாம விடு. கார்டக் காட்டு."